பதினெட்டுக் கேள்விகளும் மூன்று கட்டங்களும்

புத்தகமே இல்லாத ஒரு நூலகத்தைப் பற்றிப் பதினெட்டுக் கேள்விகள் எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இன்று யாரைக் கேட்டாலும் அந்தக் கேள்விகள் தாமாக முளைத்தவை போலவும், பிள்ளைகளின் முதுகில் எழுத்து வந்தது ஆடியில் காற்று வந்தது போலவும்தான் சொல்வார்கள்.

பாலாற்றங்கரையில், ஆற்றில் தண்ணீரைவிட உப்பு அதிகமாகக் கிடக்கும் ஊர் எங்களுடையது. அங்கே தேவசிகாமணியின் தோல் பதனிடும் ஷாப்பு அறுபது வருடம் நடந்தது, அதன் வாசலில் முப்பத்தொரு வருடம் நான் கூட்டம் போட்டேன், சிறை சென்றேன், மறுபடி வந்து கூட்டம் போட்டேன். கடைசியில் கழிவுநீர் வழக்கில் நீதிமன்றம் ஷாப்பை மூடியபோது, "தோழரே, நீ முப்பது வருஷமா கத்தியும் அசையாத மொதலாளிய நாலு செத்த மீனு அசைச்சிடுச்சு பாரு" என்றார் ரஹ்மத் பாய். அவர் ஷாப்பில் தோலுக்கு ரகம் பிரித்தவர், கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று சொல்லக்கூடியவர், எங்கள் சங்கத்தின் பொருளாளர்.

மூடிய ஷாப்புக்கு தேவசிகாமணி வெள்ளையடித்துக் கல்லூரி என்று பெயர் வைத்தார். தோல் உலர்த்திய மாடிகள் வகுப்பறைகள் ஆயின, தோலை உப்பிட்டு அடுக்கிய கிடங்கு நூலகம் ஆனது. அந்தக் கிடங்குக்கு அலமாரிகள் வந்தன, அலமாரிகளுக்கு எண்கள் வந்தன, 'அமைதி காக்கவும்' என்ற பலகை வந்தது. புத்தகம் மட்டும் வரவில்லை. தோல் சுமந்தவர்களின் பிள்ளைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் அங்கே சேர்ந்தார்கள், அவர்களில் ஒருத்தி என் மகள் கனலி, விலங்கியல் இரண்டாம் ஆண்டு. தாய் இருமி இருமிச் செத்த வீட்டில் வளர்ந்தவள். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மாவட்ட நூலகத்துக்குப் போய், தவளையின் இதயத்தையும் கரப்பானின் குடலையும் நோட்டில் கையால் வரைந்துகொண்டு வருவாள்.

மூன்றாம் வருடம் தர மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. கற்றல் வளங்களின் தரம் பற்றி மாணவர்களின் கருத்தைக் கேட்டு வைத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கல்லூரி முதல்வர் அருணோதயம் நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் எழுதுவது போலவே எழுதினார்: 'உங்களுக்குத் தேவையான நூல்கள் நூலகத்தில் உள்ளனவா? ஆம், இல்லை.' ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். நாற்பத்தேழு பேரும் இல்லை என்று குறித்தார்கள். ஒருவன் கட்டம் போதாமல் ஓரத்தில் இன்னும் இரண்டு முறை எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகுதான் தேவசிகாமணி எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஏகாம்பரம், உன் நோட்டீஸுக்குப் பதில் எழுத நான் எத்தினி வக்கீல் வெச்சேன், தெரியுமா? ஒருத்தனாலயும் முடியல. நீ கேட்டா, கேட்ட மாதிரிதான்யா பதில் வரும். எனக்கு எதிரா எழுதினது போதும், ஒரு தடவ எனக்காக எழுது."

"உங்களுக்கு நான் ஏன் எழுதணும்?"

"எனக்கு வேணாம். உன் பொண்ணு படிக்கிற காலேஜுக்கு எழுது. நீ எழுதின நோட்டீஸ் அத்தனையும் தோல் அட்டை போட்டுக் கட்டி, நூலகத்துல மொத அலமாரில வைக்கிறேன். பித்தளைத் தகட்டுல உன் பேரு."

நான் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். மீதி எல்லாம் டீக்கடையில் கிடைத்த துண்டறிக்கைகளில் படித்தது, பிறகு நானே எழுதியது, மொத்தம் முந்நூற்று நாற்பது. அவற்றில் பொட்டலம் கட்டினார்கள், பஸ்ஸில் இருக்கை துடைத்தார்கள், மழையில் குழந்தைகள் கப்பல் விட்டார்கள். ஒன்றைக்கூட யாரும் ஓர் அலமாரியில் வைத்ததில்லை. நான் அந்தப் பித்தளைத் தகட்டைப் பார்த்துவிட்டேன், அது வருவதற்கு முன்பே.

கேள்வி எழுதுவது எனக்குக் கை வந்த வேலை. இருக்கிறதா என்று கேட்கக் கூடாது, எந்த அளவில் உதவியது என்று கேட்க வேண்டும், இருப்பதால்தானே உதவும். நூலகம் என்று எழுதக் கூடாது, நமது நூலகம் என்று எழுத வேண்டும். முதல் கேள்வி எவனும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும், 'கல்வி உங்கள் குடும்பத்தை உயர்த்தும் என்ற நம்பிக்கை உங்களுக்கு எந்த அளவில் உள்ளது?' என்பது போல, ஏனென்றால் ஒரு முறை ஒப்புக்கொண்ட கை மீதிப் பதினேழு முறையும் தானாகக் குறிக்கும். இரண்டை ஒன்றாக முடிந்து கேட்க வேண்டும், 'ஆசிரியர்களின் அன்பும் நமது நூலகத்தின் நூல்களும்' என்று, அன்பை மறுக்க மனம் வராதவன் நூலையும் சேர்த்து ஒப்புக்கொள்வான். விடைக்கு மூன்று கட்டங்கள்: மிக அதிகமாக, அதிகமாக, போதுமான அளவு. முதல்வர் வாங்கியிருந்த எண்ணும் இயந்திரத்துக்கும் மூன்று கட்டம்தான் கண்ணில் படும். கூட்டத்தில் நான் 'மண்டியிடப் போகிறோமா தோழர்களே' என்று கேட்டபோது ஆயிரம் பேர் ஒரே பதில் சொன்னார்கள் அல்லவா, அதே வேலைதான், ஆயிரம் பேரை ஒரு தாளில் மடித்து வைத்தேன், அவ்வளவுதான்.

எழுதி முடித்ததைக் கனலிக்குப் படித்துக் காட்டினேன்.

"நைனா, இன்னொரு கட்டம் சேத்துடு."

"இன்னா கட்டம்?"

"இல்லன்னு ஒண்ணு."

"அது வந்தா மொத்த வாக்கியமும் செத்துடும்மா. பதினெட்டும் ஒண்ண ஒண்ணு புடிச்சிட்டு நிக்குது. ஒரு செங்கல்ல உருவினா சுவரு சாயும்."

"புத்தகமே இல்லாத எடத்துல எந்த அளவுல உதவுச்சின்னு கேட்டா, நான் எங்க நைனா டிக் போடறது?"

"கேள்வி எழுதறது எப்படின்னு எனக்குச் சொல்லித் தராத."

"சரி," என்றாள். என் மகள் சண்டை போடுகிறவள் அல்ல, சரி என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருக்கிறவள்.

புதன்கிழமை தாள்களைக் கொடுத்தார்கள். அறுநூற்றுப் பதினோரு பேர் குறித்தார்கள். மாலை முதல்வர் என் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, ஒரு தாளை நீட்டினார். அதில் வரிசை எண் மட்டும் இருந்தது, கட்டங்கள் பதினெட்டு வரிசையும் வெள்ளையாக இருந்தன.

"ஒண்ணுதான் ஐயா காலி. உங்க பொண்ணுதே காலியா இருந்தா நாளைக்குப் பேச்சு வரும். உங்க துண்டறிக்கை வைக்கிற அலமாரிக்கு ஆசாரி வேற வந்திருக்கார்."

கனலி பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. அவள் மூன்றாவது குடத்தை நிரப்பி முடிப்பதற்குள் நான் பதினெட்டு இடத்திலும் 'மிக அதிகமாக' என்று குறித்துக் கொடுத்துவிட்டேன். இனி எந்தத் தகப்பனுக்கும் இந்தச் சங்கடம் வரக் கூடாது என்று, தாளின் அடியில் சேர்க்கச் சொல்லி ஒரு வரியும் எழுதிக் கொடுத்தேன்: 'விடையளிக்கப்படாத வினாக்களுக்குப் போதுமான அளவு என்றே பொருள் கொள்ளப்படும்.' முதல்வர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்து, "என்ன ஒரு வரி ஐயா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வியாழன் காலை குளிக்கும்போது பிள்ளைகளின் முதுகில் புத்தகம் வந்திருந்தது.

ஒருவருக்கு ஒரு பக்கம். கழுத்தெலும்பு தொடங்கி இடுப்பு வரை, ஓரம் விட்டு, பக்க எண் போட்டு, கறுப்பு மையில் நேராக அச்சிட்டது போல இருந்தது. தாய்மார்கள் முதலில் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள், பிறகு பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார்கள், பிறகு புளி, பிறகு செங்கல் பொடி, எழுத்து இன்னும் பளிச்சென்று ஆனது. ரஹ்மத் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு பையனைத் திருப்பி நிறுத்தி, கண்ணை மூடி, கட்டைவிரலால் தடவி, "மேல ஏத்தின சாயம் இல்ல இது, உள்ளாற எறங்கியிருக்கு, நல்ல வேல, மொத ரகம்" என்றார். அதைக் கேட்டு அந்தப் பையனின் தாய்க்கு அழுகை நின்றது. மற்ற தாய்மார்களும் தங்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, என்ன ரகம் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமைக்குள் ஊர் பழகிவிட்டது. குழாயடியில் "உன் பையனுக்கு இன்னா பாடம் வந்திருக்கு?" என்று விசாரித்துக்கொண்டார்கள். கணக்கியல் வந்த வீட்டில் கேசரி கிண்டினார்கள். பொருளாதாரம் வந்த பையனுக்குப் பெண் கேட்டு ஆள் வந்தது. அறுத்துப் பரப்பிய தவளை வந்த பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பொருளடக்கம் மட்டும் வந்த ஒருவன் எல்லாம் தெரிந்தவன் போல நடந்தான், பிழை திருத்தம் வந்த ஒருவனை அவன் அப்பா பெல்ட்டால் அடித்தார், அடித்த தழும்பிலும் எழுத்து மறையவில்லை. தையல்காரர்கள் முதுகில் மூடி வைத்துத் தைக்கப் பழகினார்கள், இரண்டு பொத்தானைக் கழற்றினால் பக்கம் தெரியும். தன் முதுகைத் தானே படிக்க முடியாது என்பதை மட்டும் யாரும் ஒரு குறையாகப் பேசவில்லை.

குழு வந்தது, மூன்று பேர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கிடங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த முதுகுகளுக்கு நடுவே நடந்தார்கள். ஒருவர் ஒரு பையனின் தோளைத் தொட்டு, "அடுத்த பக்கம்?" என்றார். பையன் எழுந்து திரும்பி நின்றான். அவர் வெறும் மார்பைப் பார்த்துவிட்டு, 'ஒரு பக்க அச்சு' என்று குறித்துக்கொண்டார். இன்னொருவர் தீயணைப்புக் கருவி எங்கே என்று கேட்டார். மூன்றாமவர் மாணவர் கருத்துத் தாள்களைப் புரட்டி, நூற்றுக்கு நூறு என்று பார்த்து, தேவசிகாமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மிக உயர்ந்த தரம் கிடைத்தது. கல்லூரிக்கு எதிரே பஸ் நிற்க ஆரம்பித்தது, இரண்டு பிரியாணிக் கடைகள் வந்தன, பக்கத்து மாவட்டங்களிலிருந்து பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் வந்து தங்க அறைகள் கட்டினார்கள்.

பிள்ளைகள் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்துக்கு எழுந்தார்கள். வகுப்பு இல்லை, படிக்கப்படுகிற நேரத்தில் எப்படிப் படிப்பது. பிடரியில் ஊதா மையில், நூலகப் புத்தகத்துக்குப் போடும் சேர்க்கை எண் முத்திரை குத்தினார்கள். பெண்கள் பக்கத்தில் மூங்கில் தட்டி கட்டி, ஒவ்வொருத்திக்கும் முதுகளவு சன்னல் வெட்டினார்கள். விலகிப்போக நினைத்தவர்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது, முதல்வர் வருத்தத்தோடு ஒரு பலகையைக் காட்டினார்: 'குறிப்புதவி நூல்கள் வெளியே தரப்படமாட்டா.'

நான் முந்நூற்று நாற்பத்தோராவது துண்டறிக்கையை எழுதிக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றேன். பிள்ளைகளை விடுவிப்போம் என்று எழுதியிருந்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஒரு தாய் அதை வாங்கிப் படித்து, மடித்து, என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"என் பையன் பொறந்ததுலருந்து யாரும் அவன ஒரு மனுஷனா நின்னு பாத்ததில்ல தோழர். இன்னிக்கு வரிசைல நின்னு பாக்கறாங்க. அதையும் கெடுக்காதீங்க. கேள்வியே நீங்க எழுதினதுதான?"

மற்றவர்களுக்கு ஒரு பக்கம் வந்தது, கனலிக்கு என்னுடைய முந்நூற்று நாற்பது துண்டறிக்கைகளும் வந்திருந்தன, கடுகு எழுத்தில், முதுகு போதாமல் தோள் தாண்டி முழங்கை வரை இறங்கி. பித்தளைத் தகடு வரவில்லை. நூலகத்தில் அந்த இருப்பு ஏற்கெனவே இருக்கிறதே, தனியாக அலமாரி எதற்கு என்று ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதனால் டோக்கன் வாங்கிக்கொண்டு, தட்டியின் சன்னலுக்கு எதிரே வாசகனாகப் போய் உட்கார்ந்தேன். அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது. திரும்பக் கூடாது என்பது விதி.

நான் படித்தேன். கிடங்கில் உப்பு வாசனை இன்னும் போகவில்லை. பஞ்சப்படிப் போராட்டம், குரோமியக் குழியில் விழுந்து செத்த மூன்று பேர், நாற்பத்தாறு நாள் கதவடைப்பு, எல்லாம் இருந்தன, ஒரு வரி விடாமல், நான் எழுதியபடியே. என் எழுத்து இவ்வளவு சுத்தமாக எங்கும் அச்சானதில்லை. மூச்சு விடும்போது வரிகள் ஏறி இறங்கின. அப்படியே எத்தனை நேரம் படித்தேனோ தெரியாது.

"யாரு, நைனாவா?" என்றாள், திரும்பாமல். "வேற யாரும் இந்தப் பக்கம் வர மாட்டாங்க."

"நான்தாம்மா."

"படிச்சிட்டியா? எப்பிடி இருக்கு?"

ஒரு தகப்பன் சொல்லக்கூடியவை ஆயிரம் இருந்தன. நான் சொன்னேன், "இடது தோளுக்குக் கீழ ஒரு எழுத்துப் பிழை இருக்கு. அச்சகத்துக்காரன் அப்பவே பண்ணின தப்பு."

வரிகள் ஒரு முறை வேகமாக ஏறி இறங்கின.

மார்ச் மாதம் இருப்புச் சரிபார்த்தார்கள். ஆறு மாதத்தில் ஒரு வாசகரும் கேட்காத நூல் கழிவு நூல் என்பது நூலக விதி, அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எழுதிய ஆசிரியரே வந்து படிப்பது கணக்கில் சேராதாம். கழித்த நூலை என்ன செய்வது என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீதிமன்றம் மூடிய சுண்ணாம்புத் தொட்டிகளில் ஒன்றைக் கல்விப் பணிக்காகத் திறந்துகொள்ள அனுமதி வாங்கினார்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து, வளைந்த கத்தியால் மேல் தோலைச் சீவி எடுத்தால், வரும் ஜூனில் புதுக் கேள்வித்தாள் கொடுக்கும்போது அந்த வெற்று முதுகில் போட்டித் தேர்வு வினா விடை ஏதாவது வரும், அதற்குத்தான் வரிசை அதிகம்.

கத்தி பிடிக்க ரஹ்மத் பாயைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரே வந்து என்னிடம் சொன்னார்.

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் செய்வான் தோழரே. அவன் கை நடுங்கும். என் கை நடுங்காது. கனலிக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

"பாய், நீ சங்கத்துப் பொருளாளர்."

"சங்கம் எங்க இருக்கு, காட்டு. ஒன் பொண்ணு முதுகுலதான் இருக்கு."

எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அல்லவா, அவளுடைய கருத்தையும் கேட்டார்கள். 'நமது நூலகத்தின் வளங்களைப் புதுப்பிக்கும் இம்முயற்சியும் ஆசிரியர்களின் அக்கறையும் உங்கள் எதிர்காலத்துக்கு எந்த அளவில் உதவும்?' இதை நான் எழுதவில்லை, முதல்வரே எழுதினார், நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். கனலி தாளை வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்தாள். முதல்வர் அதை என்னிடம் கொண்டுவந்தார், இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

நான் ஓர் அளவுகோல் எடுத்து, 'போதுமான அளவு' என்பதற்குப் பக்கத்தில், மற்ற மூன்றின் அளவுக்குச் சரியாக, நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன். அதன் மேலே 'இல்லை' என்று எழுதினேன். அதில் குறித்தேன். கோடு கட்டத்தைத் தாண்டிவிட்டது.

முதல்வர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழகா வரைஞ்சிருக்கீங்க ஐயா," என்றார், உண்மையாகவே. "ஆனா மிஷினுக்கு மூணு கட்டம்தான் தெரியும். இது அதுக்கு வெறுந்தாள். வெறுந்தாளுக்கு என்னன்னு..." அவர் முடிக்கவில்லை. தாளின் அடியில் இருந்த, நான் எழுதிக் கொடுத்த வரியை விரலால் மெல்லத் தொட்டுக் காட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

தொட்டிக்கு அவளைக் கூட்டிப்போன நாளில் ஊரில் யாரும் கடையை மூடவில்லை. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன், முப்பத்தொரு வருடம் நின்ற அதே இடம். உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. சத்தம் போட்டாளா, போடவில்லையா என்று ரஹ்மத் பாயிடம் இன்று வரை நான் கேட்டதில்லை, அவரும் அன்றிலிருந்து எந்தப் பொருளையும் கட்டைவிரலால் தொடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பாயில் குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் எண்ணெய் தடவிய வாழை இலை போர்த்தியிருந்தது. நான் விசிறிக்கொண்டிருந்தேன்.

"நைனா."

ஆறு மாதம் கழித்து வீட்டில் அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான்.

"சொல்லும்மா."

"முதுகுல இப்ப இன்னா இருக்கு, பாத்துச் சொல்லேன். எனக்குத் தெரியாதே."

வாழை இலையை ஓரம் பிடித்துத் தூக்கினேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை, தோள் தாண்டி முழங்கை வரை, பச்சை ரணச் சிவப்பாக, ஈரமாக, ஒரே சீராக இருந்தது. முந்நூற்று நாற்பதில் ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை, அந்த எழுத்துப் பிழையும் மிஞ்சவில்லை. ரஹ்மத் பாய் வேலை தெரிந்தவர்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

"இல்ல."

"ஆங்," என்றாள், பாயில் முகத்தை அழுத்திக்கொண்டு. "அன்னிக்கு ஒரு கட்டம் கேட்டேனே நைனா, அதுல இத எழுதத்தான் கேட்டேன்."